‘ஹாரிசன் பெர்ஜரான்’ கதையை வாசிப்பு வட்டத்தில் எடுத்துப் பேசுவது எப்படி?

அமெரிக்க எழுத்தாளர் குர்ட் வானகட்டின் இந்தச் சிறுகதை 1961-இல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் ஏறக்குறைய 2,200 சொற்கள். வாய்விட்டுப் படித்தால் கால் மணி நேரம். வீட்டில் படித்துவிட்டு வரச் சொன்னால் பாதிப் பேர் படிக்காமல்தான் வருவார்கள். கூட்டத்திலேயே படித்துவிடுங்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு பேர், ஒன்றரை மணி நேரம், ஆளுக்கொரு பிரதி, ஒரு பென்சில் போதும்.

கதை நடப்பது 2081-இல், அமெரிக்காவில். அரசியலமைப்பின் 211, 212, 213-ஆம் திருத்தங்கள் எல்லாரையும் எல்லா வகையிலும் சமமாக்கிவிட்டன. அறிவாளி, பலசாலி, அழகானவர் என்று யார் மிஞ்சினாலும் அரசு ஒரு சுமையை மாட்டிவிடும். இன்றைக்கு அங்கே இருப்பவை மொத்தம் 27 திருத்தங்கள்தான் என்பதைப் படிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அந்த எண்ணில் இருக்கும் கிண்டல் தானாகப் புரியும்.

முதல் வாசிப்பைச் சத்தத்தோடு நடத்துங்கள். ஹாரிசனின் அப்பா ஜார்ஜ் அறிவாளி என்பதால் அவர் காதில் அரசு ஒரு ரேடியோவை மாட்டியிருக்கிறது. சுமார் இருபது நொடிக்கொரு முறை அதில் ஒரு சத்தம் வெடித்து, அவர் யோசனையைச் சிதறடிக்கும். ஒருவர் படிக்க, இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்து அதே இடைவெளியில் சத்தம் எழுப்பட்டும். எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: ஒரே அலாரத்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் ஐந்தாவது முறையிலேயே காது பழகிவிடும். கதையிலும் சத்தம் மாறிக்கொண்டே இருக்கிறது: பால் புட்டியைச் சுத்தியலால் அடிப்பது, பீரங்கி, சைரன், கார் மோதல். எவர்சில்வர் தட்டு, விசில், கதவை அறைவது என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஐந்து நிமிடத்தில் நிறுத்தி, அதுவரை நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லத் திணறுவார்கள். மீதியை அமைதியாகப் படித்து முடியுங்கள்.

அடுத்து ஒரு பட்டியல். யாருக்கு என்ன சுமை, அது எதைப் பறிக்கிறது என்று ஆளாளுக்குக் குறிக்கட்டும். ஜார்ஜின் கழுத்தில் பூட்டிய பையில் 47 பவுண்டு ஈயக் குண்டுகள். 25 கிலோ அரிசிச் சிப்பத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. தொலைக்காட்சியில் ஆடும் நடனக்காரிகளுக்கு எடையோடு முகமூடியும் உண்டு. பதினான்கு வயது ஹாரிசன் சுமப்பது 300 பவுண்டு, அதாவது சுமார் 136 கிலோ. ஹாரிசனின் அம்மா ஹேசலுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. இந்தச் சுமைகளையெல்லாம் நிர்வகிக்கும் அதிகாரி டயானா மூன் கிளாம்பர்ஸுக்குச் சுமை இருப்பதாகக் கதை சொல்லவே இல்லை. அந்த அம்மாள் இரண்டு முறை சுடுகிறார், சுமைகளைக் கழற்றி ஆடிய ஹாரிசனும் ஒரு நடனக்காரியும் விழுகிறார்கள். பட்டியலில் டயானாவின் சுமைக்கான கட்டத்தை யாராவது வெறுமனே விட்டு வைத்திருப்பார்கள். பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள்.

பணத்துக்கு ஒரு கட்டம் போடச் சொல்லிப் பாருங்கள். நிரப்ப ஒன்றும் கிடைக்காது. சொத்தையோ கூலியையோ யாரும் சமப்படுத்துவதாகக் கதையில் வரி இல்லை. 2005-இல் கான்சாஸ் மாநிலப் பள்ளி நிதி வழக்கில் வசதியான வட்டாரத்தின் தரப்பு இந்தக் கதையைத் துணைக்கு இழுத்தது. கதை அறிவையும் திறமையையும் பற்றியது, செல்வம் இரண்டுக்கும் சான்றாகாது என்று வானகட் பதில் சொன்னார். அதற்கு முன், 2001-இல், காலில் நோயுள்ள கோல்ஃப் வீரர் போட்டியில் வண்டி பயன்படுத்தலாம் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்கேலியாவும் இதே கதையைக் காட்டினார். வண்டி வந்ததால் மற்ற வீரர்களின் காலில் யாரும் குண்டு கட்டவில்லையே! ஓடத் தெரிந்தவனை நொண்டவைப்பது வேறு, நடக்க முடியாதவரைக் களத்துக்குக் கொண்டுவருவது வேறு. இந்த வேறுபாட்டைப் பலகையில் எழுதியே வையுங்கள். ஏனென்றால் தமிழ்க் கூட்டத்தில் பேச்சு எப்படியும் இடஒதுக்கீட்டுக்குப் போகும். போகட்டும், தடுக்க வேண்டாம். ‘இதில் யார் கழுத்தில் எந்தப் பை?’ என்று மட்டும் கேளுங்கள். பட்டியல் கையில் இருப்பதால் பேச்சு கூச்சலாகாது.

இன்னொரு பக்கமும் சாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹாரிசனைத் தனிமனித விடுதலையின் நாயகனாக்க இளைஞர்களுக்கு ஆசை வரும். சிறையிலிருந்து தப்பித் தொலைக்காட்சி நிலையத்துக்குள் நுழைந்தவன், சுமைகளை அறுத்தெறியும் முன்பே அறிவிப்பது என்ன? தானே பேரரசன், எல்லாரும் உடனே கீழ்ப்படிய வேண்டும் என்று. அந்தப் பத்தியை அவர்களையே படிக்கச் சொல்லுங்கள்.

ஜார்ஜின் பையிலிருந்து சில குண்டுகளை எடுத்துவிடலாமே என்று ஹேசல் கேட்கும் இடத்துக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். கதையின் கனமான பகுதி அதுதான், துப்பாக்கிச் சூடு அல்ல. குண்டுக்கு இரண்டாண்டுச் சிறை, 2,000 டாலர் அபராதம் என்பது ஜார்ஜின் முதல் பதில். ஆளாளுக்கு இப்படிச் செய்தால் பழைய போட்டிக் காலம் திரும்பிவிடும் என்பது அடுத்த பதில். சட்டத்தின் வாதத்தைச் சுமப்பவரே ஒப்பிக்கிறார்.

முடிவில் கடைசி அரைப் பக்கத்தை மறுபடி, சத்தமில்லாமல், மெதுவாகப் படியுங்கள். மகன் சுடப்பட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்து ஹேசல் அழுதிருக்கிறாள். எதற்கு அழுதாள் என்பது அவளுக்கே நினைவில்லை.