கறுப்பாய் இருந்தால் கெட்டியா? தோட்டப்புற ஊரில் கோப்பி போடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் வட்டாரத்தில் ரெங்கம், பாலோ, லாயாங் லாயாங் என்று தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த சிற்றூர்களுக்கு வேலை மாற்றலாகி வரும் நம்மவர்கள், வந்த வாரத்திலேயே ஒரு குறையைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்: இங்கே நல்ல கோப்பி கிடைப்பதில்லை. ரெங்கத்தில் காலைக்கடை வைத்து ஃபில்டர் கோப்பி போட்டுக் கொடுக்கும் எனக்கு இந்தக் குறை புதிதல்ல. அதைத் தீர்க்க அவர்கள் பிடிக்கும் குறுக்கு வழிகளும் புதியவை அல்ல. தொடக்கத்தில் நானும் போய்த் திரும்பியவைதாம். பாலைப் பொங்கவிடுவது, சீனியை அள்ளிப் போடுவது போன்றவற்றை யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை, மறுநாளே நாக்கு சொல்லிவிடும். நாக்கு சுலபத்தில் காட்டிக்கொடுக்காத தவறுகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கறுப்பைக் கெட்டி என்று நம்புவது

கோப்பியில் அதிகப் பணத்தைத் தின்னும் தவறு இதுதான். இன்றளவும் எனக்கு எரிச்சல் மூட்டுவதும் இதுதான்.

நம் நாட்டுக் கோப்பிக் கடைகளுக்கென்று கொட்டையை வறுக்கும் முறையே தனி. கொட்டை வறுபட்டு முடியும் தறுவாயில் சீனியும் மார்ஜரினும் கொஞ்சம் உப்பும் சேர்த்துக் கிளறுவார்கள். சீனி உருகிக் கருகிக் கொட்டையின் மேல் பளபளப்பான கறுப்புப் பூச்சாகப் படியும். தட்டில் கொட்டி ஆறவிட்டால் அது பாளம் பாளமாக இறுகும். அந்தப் பாளங்களை உடைத்துத்தான் அரைவைக்கு அனுப்புவார்கள். மலிவான சரக்கில் சோளமோ கோதுமையோ கூடவே வறுபட்டிருக்கும். துணிப்பையில் வடித்து, டின் பால் கலந்து குடிப்பதற்கு அது பொருத்தமான வறுவல்; அதன்மேல் எனக்குப் பகை ஏதுமில்லை. ஆனால் அந்தக் கோப்பியின் கறுப்பில் பெரும்பங்கு கருகிய சீனியினுடையது. அதைக் கோப்பியின் வலிமை என்று எண்ணி வாங்குகிறவர், சீனிக்கும் சோளத்துக்கும் கோப்பியின் விலையைக் கொடுத்துவிட்டு வருகிறார்.

கிள்ளானிலிருந்து இங்குள்ள தமிழ்ப்பள்ளிக்கு மாற்றலாகி வந்த ஆசிரியை ஒருவர், கொட்டையைத் தானே அரைத்துத் தானே வடித்துத் தரும் மின்பொறி ஒன்றை இணையத்தில் தருவித்தார். விலை அவருடைய மாதச் சம்பளத்தில் பாதியை விழுங்கியிருக்கும். பட்டணத்துக் கடையொன்றில் "இதுதான் இருப்பதிலேயே கௌ" (கௌ என்றால் கெட்டி) என்று காட்டிய, மைக்கறுப்பாய் மின்னிய கொட்டையை வாங்கி அதில் போட்டிருக்கிறார். சில நாள் ஓடியது, பிறகு நின்றுவிட்டது. "அண்ணே, மெஷின் புதுசு, அதுக்குள்ள அரைக்க மாட்டேங்குது, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்" என்று பெட்டியோடு கடைக்கே தூக்கி வந்தார். மேல் மூடியைக் கழற்றியபோது, அரைக்கும் பல் இடுக்கெல்லாம் சீனியும் மார்ஜரினும் குழைந்து பிசினாகப் பிடித்து, அதன்மேல் தூள் ஒட்டிக் கல்லாக இறுகிப்போயிருந்தது. மரக்குச்சியால் சுரண்டினால்கூடப் பெயரவில்லை. விற்றவர்கள் உத்தரவாதத்தின் கீழ் பழுது பார்க்க மறுத்துவிட்டார்கள். சீனிப்பூச்சுள்ள கொட்டையைப் போடக்கூடாது என்று கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறது என்பது அவர்கள் பதில். பொறியை விற்றவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. எதற்கு வாங்குகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல் அந்தக் கொட்டையை நிறுத்துக் கொடுத்தவர்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

பொறி இல்லாதவர்கள் வீட்டிலும் இதே கதைதான் சிறிய அளவில் நடக்கிறது. அந்தத் தூளைப் பித்தளை ஃபில்டரில் போட்டு வெந்நீர் ஊற்றினால், சீனி கரைந்து தூளை ஒரே கட்டியாக்கித் துளைகளை அடைத்துவிடும். டிகாஷன் இறங்காது. உடனே மேல்பாத்திரத்தைத் தட்டுவார்கள், கரண்டியால் கிளறுவார்கள், கடைசியில் முழுவதையும் சட்டியில் கொட்டிக் கொதிக்க வைத்து வடிகட்டி, இந்த ஊர்த் தண்ணீர் சரியில்லை என்பார்கள்.

வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வழி உண்டு. கண்ணாடிக் குவளையில் பச்சைத் தண்ணீர் எடுத்து, அரைக் கரண்டித் தூளை மேலே மெதுவாகத் தூவிப் பாருங்கள். கலப்பில்லாத கோப்பித்தூள் சற்று நேரம் மேலேயே மிதக்கும், தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் நிறம் மாறாது. சீனி போட்டு வறுத்ததோ சிக்கரி கலந்ததோ தூவிய கையோடு மூழ்கத் தொடங்கும், மூழ்கும் வழியெல்லாம் பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு போகும். பொட்டலமாக வாங்குகிறவர்களுக்கு இந்தச் சோதனைகூடத் தேவையில்லை. 'கோப்பி சம்புரான்' என்று போட்டிருந்தால் அது கலவைத்தூள். உள்ளடக்கப் பட்டியலை எடை மிகுதியானதிலிருந்து வரிசையாக எழுத வேண்டும் என்பது இந்நாட்டு உணவு விதி. ஆகவே கோப்பிக்கு அடுத்தபடியாகச் சீனி நிற்கிறதா, சோளம் நிற்கிறதா என்று பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும்.

அப்படியானால் நல்ல கொட்டைக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு விடை, பெரும்பாலும் அதே வறுவல் கூடத்தின் பின்கட்டில்தான் இருக்கிறது. ரப்பர் வருவதற்கு முன் மலாயாத் தோட்டங்களில் கோப்பி பயிரானது. இலங்கையில் 1869இல் தென்பட்ட இலைத்துரு நோய் அங்கிருந்த கோப்பித் தோட்டங்களை அழித்துவிட்ட நிலையில், தாழ்நில வெக்கையைத் தாங்கும் லைபீரிகா என்ற கோப்பி இனம் இங்கே வேர்கொண்டது. 1890களின் இறுதியில் பிரேசிலின் மிகை விளைச்சலால் விலை சரிந்ததும் தோட்டக்காரர்கள் ரப்பருக்குத் தாவினார்கள். மரம் மட்டும் அடியோடு போய்விடவில்லை. ஜொகூரின் சிறு நிலங்களில் இன்றும் லைபீரிகா காய்க்கிறது; மலேசியாவில் விளையும் கோப்பியில் மிகப் பெரும்பகுதி அந்த இனமே. வறுப்பவரிடம் நேரில் போய், சீனியும் மார்ஜரினும் சேர்ப்பதற்கு முன்பே உங்களுக்குக் கால் கிலோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். என்றைக்கு வறுக்கிறார் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு அன்றைக்குப் போக வேண்டும். புதுமுகத்துக்கு ஒருமுறை முகம் சுளிப்பார், இரண்டாம் முறை எடுத்து வைத்திருப்பார்.

லைபீரிகா கொட்டை பெரியது, ஒன்று போல் ஒன்று இருக்காது, வறுபட்டதும் பலாப்பழ வாடை லேசாக எழும். அந்த வாடை எல்லாருக்கும் பிடிப்பதில்லை. அதில் காஃபீன் ரொபஸ்டா என்ற மற்றொரு கோப்பி இனத்தைவிடக் குறைவு என்பதால், தலைக்கு ஏறும் உறைப்பு வேண்டுவோர் இரண்டு பங்கு லைபீரிகாவுக்கு ஒரு பங்கு ரொபஸ்டா சேர்த்துக்கொள்ளலாம். என் கடையில் ஓடுவது அந்தக் கலவைதான்.

தூளைக் கூட்டாமல் நேரத்தைக் கூட்டுவது

கெட்டி என்பது தண்ணீருக்கு எவ்வளவு தூள் என்ற கணக்கு. இருக்கிற தூளையே நெடுநேரம் கொதிக்க வைத்தால் கசப்புதான் கூடும். சீனர் கோப்பிக் கடையில் 'கௌ' என்று கேட்டுவிட்டுத் தவுக்கேயின், அதாவது கடை முதலாளியின், கையைக் கவனித்துப் பாருங்கள்: அவர் எதையும் கூடுதலாகக் கொதிக்க விடுவதில்லை, மங்கில் வடித்த சாற்றைக் கூட்டி வெந்நீரைக் குறைக்கிறார், அவ்வளவே.

ஃபில்டருக்கு என் அளவு, 30 கிராம் தூளுக்கு 150 மில்லி வெந்நீர். தூள் தன் எடையைப் போல் இரு மடங்குத் தண்ணீரைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளும் என்பதால், கீழே இறங்குவது ஏறக்குறைய 90 மில்லிதான். அது பால் சேர்த்து இரண்டு பேருக்குத் தாராளமாகக் காணும். குடைத்தட்டை மெதுவாக வைத்தால் போதும், அமுக்கக் கூடாது. கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். இதே தூளில் மறுபடியும் வெந்நீர் ஊற்றி இறக்கும் இரண்டாம் டிகாஷனை முதலாவதோடு கலப்பவர்கள், கெட்டியானதைத் தங்கள் கையாலேயே நீர்த்துப்போகச் செய்கிறார்கள்.

சிக்கரியை வலிமை என்று எண்ணுவது

தமிழ்நாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து தரும் பொட்டலத்தை நாம் கேள்வி கேட்பதில்லை. சிக்கரி ஒரு செடியின் வேர். அதில் காஃபீன் இல்லை. நிறத்தையும் கொழகொழப்பையும் அது கொடுக்கும், டிகாஷன் நிதானமாக இறங்கவும் உதவும். ஐந்தில் ஒரு பங்கு வரை எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கலவையில் கோப்பி 51 விழுக்காடு இருந்தாலே போதும் என்கிறது இந்திய விதி. விகிதத்தைப் பொட்டலத்தின்மேல் அச்சிட்டிருப்பார்கள். மாமா வாங்கி வந்தது என்பதற்காக அதைப் படிக்காமல் விட வேண்டியதில்லை.

ஒரு கிலோவாக அரைத்து வாங்கி வருவது

தைப்பூசத்துக்கோ தீபாவளிச் சாமான் வாங்கவோ கோலாலம்பூர் போகிறவர்கள், இனி எப்போது வருவோமோ என்று ஒரு கிலோ, இரண்டு கிலோ அரைத்தே வாங்கி வந்துவிடுகிறார்கள். அரைத்த தூளின் வாசம் சில நாள்களுக்குள் இறங்கத் தொடங்கிவிடும், நம் ஊர் ஈரக்காற்று அதை இன்னும் விரைவுபடுத்தும். மாதக் கடைசியில் டப்பாவின் அடியில் கிடப்பது நிறமுள்ள தூள். கோப்பி அதில் மிச்சமிருக்காது. அப்போதுதான் கெட்டி குறைந்துவிட்டதென்று கரண்டி கரண்டியாகக் கூட்டிப் போடுவார்கள். தொலைவில் இருக்கிறவர்கள் கொட்டையாகத்தான் வாங்க வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் கொட்டை தாங்கும். கையால் சுற்றும் சிறிய அரைவை போதும், அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்று அரைத்துக்கொள்ளலாம்.

குளிர்சாதனப் பெட்டியில் திறந்து திறந்து வைப்பது

வெளியே எடுக்கும்தோறும் தூள் வியர்க்கும். வைக்காதீர்கள்.

பிளாஸ்க் தண்ணீர்

விடியற்காலையில் நிரப்பிய பிளாஸ்க் தண்ணீர் மைலோ கலக்க உதவும், டிகாஷனுக்கு உதவாது.

கிணற்று நீர்

துரு வாடை அடிக்கும் நீரில் எந்தக் கொட்டையும் எடுபடாது.

பால்

மாடு வைத்திருப்பவர் யாராவது பக்கத்தில் இருந்தால் வேறு பேச்சே வேண்டாம். இல்லையென்றால் பெட்டிப் பால் போதுமானது, ஒரே ஒரு கொதி விட்டு உடனே கலக்க வேண்டும். டின் பாலை ஃபில்டர் டிகாஷனில் ஊற்றுகிறவர்களோடு நான் வாதாடுவதை விட்டுவிட்டேன்.

பிற்பகலில் கடைக்குப் போய் கோப்பியைப் பழிப்பது

வீட்டில் போட நேரமில்லாத நாளில் கோப்பிக் கடைதான் கதி, அதில் தாழ்வேதும் இல்லை. 1938 முதல் நடந்துவரும் குளுவாங் ரயில் நிலையக் கோப்பிக் கடைக்கென்றே தொலைவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஆனால் சிறிய கடைகளில் காலையில் வடித்த சாறு பெரிய குவளையில் சூட்டிலேயே நின்றுகொண்டிருக்கும். மூன்று மணிக்குப் போய்க் கேட்பவருக்கு அந்த எச்சம்தான் வரும், அது நேரம் ஆக ஆகப் புளிக்கவும் கசக்கவும் செய்யும். பால்மரம் வெட்டப் போகிறவர்களும் செம்பனைக் குலை இறக்கப் போகிறவர்களும் உட்காரும் நேரத்தில், அதாவது பொழுது புலர்வதற்கு முன்பே போய், 'கோப்பி ஓ கோசோங், கௌ', அதாவது பாலும் சீனியும் இல்லாத கெட்டிக் கோப்பி, என்று கேளுங்கள். சீனி வேண்டுமானால் பிறகு நீங்களே போட்டுக்கொள்ளலாம்.