வார்டில் செய்த திருத்தத்தை அன்றே குறித்து வையுங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் பார்மசி படித்துவிட்டு ஓராண்டுப் பயிற்சியிலோ அதன்பின் வரும் ஓராண்டுச் சமூகச் சேவையிலோ இருக்கும் தம்பி தங்கைகளே, வார்டில் நீங்கள் சொல்லி மாற்றிய ஒவ்வொரு மருந்தையும் அன்றன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். "காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுக்கும் எச்.ஐ.வி. நோயாளிக்கு டோலுடெக்ராவிர் 50 மி.கி. ஒரு வேளை மட்டும் எழுதியிருந்தது, ரிஃபாம்பிசின் அதன் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும், இரு வேளையாக்கச் சொன்னேன், டாக்டர் ஏற்றார்." இவ்வளவு போதும். டாக்டர் ஏற்காதவற்றையும் காரணத்தோடு எழுதுங்கள். என் கணிப்பில் அவைதான் அதிகம் கற்றுத் தருபவை.

வார்டில் நோயாளிகளின் மருந்துகளைச் சரிபார்க்கும் கிளினிக்கல் பார்மசிஸ்ட் வேலைக்கோ முதுகலைப் படிப்புக்கோ விண்ணப்பிக்கிறவர்கள் எல்லோரிடமும் பட்டம் இருக்கும். எந்தப் பிழையைக் கண்டீர்கள், ஏன் மாற்றச் சொன்னீர்கள் என்று நேர்காணலில் கேட்டால் தடுமாறாமல் சொல்ல இந்த நோட்டு கைகொடுக்கும். மாதக்கணக்கில் கழித்து யோசித்தால் டோஸ்கூட நினைவுக்கு வராது.

நோயாளியின் பெயர், கோப்பு எண் எதுவும் அதில் வரவே கூடாது. கடை பார்மசிக்கோ மருந்துத் தொழிற்சாலைக்கோ போகிறவர்களுக்கு இதனால் பெரிய பயன் இல்லை. முதுகலைப் பட்டம் கேட்கும் பதவிகளில் நோட்டு அதற்கு ஈடாகாது.