ஹெட்டைக் கழற்ற முன்: சூடேறும் பழைய காருக்குச் செய்ய வேண்டியவை

கச்சான் வீசத் தொடங்கினால் திருகோணமலையில் பழைய கார்கள் ஒவ்வொன்றாகச் சூடேறும். கராஜில் காட்டினால், 'ஹெட் காஸ்கட் போயிட்டுது' என்பார்கள்: எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள பகுதிக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு அது. போயிருக்கவும் கூடும். ஆனால் ஹெட்டைக் கழற்றுவதுதான் ஆகப் பெரிய செலவு. அதற்கு முன் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் மலிவானவை.

எப்போது சூடேறுகிறது என்று முதலில் கவனியுங்கள். பஸ் நிலையத்தடி நெரிசலில் வெப்ப மீற்றர் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ரேடியேற்றரை ஆற்றும் ஃபேனைச் சந்தேகியுங்கள். கந்தளாய் தாண்டி ஹபரணை வீதியில் வேகமாக ஓடும்போது ஏறினால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை: அடைபட்ட ரேடியேற்றர், பழுதான வோட்டர் பம்ப், அல்லது உறிஞ்சலில் சப்பிப்போகும் கீழ் ஹோஸ். காலையில் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடத்துக்குள்ளேயே ஏறினால் தேர்மோஸ்டற் (சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேற்றருக்கு விடும் வால்வு) திறக்கவில்லை, அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கிறது.

ஏசியைப் போட்டால் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் முதலில் பியூஸ், பிறகு ரிலே. பழைய டொயோட்டா பலவற்றில், எஞ்சின் சூட்டை உணர்ந்து இயங்கும் ஃபேன் சுவிச்சின் வயரைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஃபேன் சுற்றும். அப்படிச் சுற்றி, எஞ்சின் சூடானபோது மட்டும் சுற்றாமல் இருந்தால் மோட்டர் நல்லது, சுவிச்தான் பழுது.

ரேடியேற்றர் மூடியை யாரும் கணக்கெடுப்பதில்லை. அது பிடிக்கும் அழுத்தத்தின் அளவு அதில் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருக்கும். 0.9 மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் உள்ளே தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் ஏறக்குறைய 118 வரை தாங்குகிறது. ரப்பர் வெடித்திருந்தால் அதே எண்ணுள்ள மூடியைப் போடுங்கள். கூடிய எண் போட்டால் பழைய ஹோஸ் வெடிக்கும்.

தேர்மோஸ்டற்றைக் கழற்றி எறிந்துவிடச் சொல்வார்கள். கேட்காதீர்கள். பல எஞ்சின்களில் பைபாஸ் வழியை அடைப்பதும் அதே தேர்மோஸ்டற்தான். அதை எடுத்துவிட்டால் ஒரு பகுதித் தண்ணீர் ரேடியேற்றருக்குப் போகாமலே திரும்பிவிடும். சோதிக்க அடுப்படி போதும். ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து, அடியில் முட்டாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். 82 என்று பொறித்திருந்தால் அந்த வெப்பத்துக்குக் கிட்டத் திறக்கத் தொடங்க வேண்டும். கொதிக்கும்போதும் மூடியே இருந்தால் மாற்றுங்கள். திரும்பப் பூட்டும்போது அதிலுள்ள சின்ன ஆடும் ஊசி மேல்பக்கம் இருக்கட்டும், காற்று வெளியேறும் வழி அதுதான்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரம் நிற்கும் வண்டிகளுக்கு வேறொரு வருத்தம்: உப்புக் காற்று ரேடியேற்றரின் மெல்லிய தகடுகளைத் தின்றுவிடும். விரலால் தொட்டதும் தூளாக உதிர்ந்தால் கழுவிப் பயனில்லை, ரேடியேற்றரை மாற்றத்தான் வேண்டும். உறுதியாக இருந்தால் எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெதுவான தண்ணீரால் கழுவுங்கள்.

கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். கேத்தலின் அடியில் படியும் அதே சுண்ணாம்பு குழாய்க்குள்ளும் படியும். பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. சின்னக் கார்களுக்கு மொத்தம் 4 முதல் 6 லீற்றர் பிடிக்கும். ஏற்கெனவே கலந்து வரும் கூலன்ட்டுக்கு நீர் சேர்க்க வேண்டாம். குளிர்ந்த எஞ்சினில், முன்பக்கம் சற்று உயர வண்டியை நிறுத்தி, ஹீற்றரைச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடி ஃபேன் இரண்டு தரம் சுற்றி நிற்கும்வரை ஓடவிடுங்கள். குமிழி வர வர ஊற்றி நிரப்பி மூடுங்கள்.

வழியில் மீற்றர் சிவப்பைத் தொட்டால் ஏசியை நிறுத்தி, ஹீற்றரை முழுதாகத் திறந்து, ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். அரைமணி நேரத்துக்கு மேல் ஆறவிட்டு, மேல் ஹோஸ் கைக்குச் சூடில்லாமல் மெத்தென்று இருந்தால் மட்டும் மூடியைத் திறக்கலாம். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கும். ஹபரணைப் பக்கம் பொழுதுபட்ட நேரமென்றால் வெளியே இறங்கி நிற்க வேண்டாம், யானை வரும்.

இத்தனைக்குப் பிறகும் கூலன்ட் குறைந்துகொண்டே போனால் ஹெட் காஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். ஒயில் மூடியின் உட்பக்கம் பால் தேத்தண்ணி நிறத்தில் கொழகொழத்திருக்கிறதா, காற்றெடுத்த பிறகும் ரேடியேற்றரில் குமிழி நிற்காமல் வருகிறதா என்று பாருங்கள். கூலன்ட் ஓடும் வழியில் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்க்கும் பிரஷர் ரெஸ்ற் செய்து காட்டச் சொல்லுங்கள். ஹெட்டைக் கழற்றினால், நேரான இரும்புச் சட்டத்தையும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜையும் வைத்து உங்கள் முன்னாலேயே வளைவை அளக்கச் சொல்லுங்கள். பழைய கொரோலாக்களின் ஏ வரிசை எஞ்சினில் 0.05 மில்லிமீற்றர்தான் எல்லை. அதற்கு மேல் இருந்தால் லேத்தில் சீவாமல் புதுக் காஸ்கட் போட விடாதீர்கள்.