தாய்லாந்து மொழி: சாப்பாட்டுக் கடையிலிருந்து தொடங்குங்கள்

தாய்லாந்து மொழியில் வினைச்சொல் உருமாறுவதே இல்லை. 'பை' என்றால் போ. நான் போனாலும் அவர் போனாலும், நேற்றானாலும் நாளையானாலும் அதே 'பை'தான். இனி நடக்கப்போவது என்றால் முன்னால் ஒரு 'ஜ' (ஜ பை), முடிந்தது என்றால் பின்னால் ஒரு 'லேவ்' (பை லேவ், போயாச்சு). பெயரடை பெயருக்குப் பின்னால் வரும்: 'நாம் யென்', தண்ணீர் குளிர்ந்த. இலக்கணத்துக்கு ஒரு வாரம் போதும். மீதி உழைப்பெல்லாம் வாய்க்கு.

முதலில் மூச்சு. 'கை' கோழி, 'க்ஹை' முட்டை. 'பெத்' வாத்து, 'ப்ஹெத்' காரம். ஏற்ற இறக்கம் இரண்டிலும் ஒன்றே, வேறுபாடு க, ப-வோடு சேர்ந்து வெளியேறும் காற்று மட்டும். தமிழில் இந்தப் பிரிவு கிடையாது. நம் வாயில் எல்லாமே வாத்தாகிவிடும். உதட்டுக்கு முன்னால் மெல்லிய தாள் ஒன்றைப் பிடித்துப் பழகுங்கள். 'ப்ஹெத்' சொன்னால் தாள் அசைய வேண்டும், 'பெத்' சொன்னால் அசையக் கூடாது.

அடுத்தது சொல்லின் முடிவு. 'பெத்', 'சிப்' (பத்து) என்பவற்றை நாம் 'பெத்து', 'சிப்பு' என்று உகரம் ஒட்டிச் சொல்வோம். அங்கே நாக்கு த் இடத்தில் ஒட்டியதும் நின்றுவிட வேண்டும், விடுவிக்கக் கூடாது. ர், ல் இரண்டும் ஈற்றில் ன் ஆகும். ஆகாரம் அங்கே 'ஆஹான்', நகரம் 'நக்ஹோன்'. சாப்பிட்டு முடித்துக் கணக்குக் கேட்பதும் 'செக் பின்'தான், பில் இல்லை.

தொனிகள் ஐந்து: சமம், தாழ்வு, இறக்கம், உச்சம், ஏற்றம். தனித்தனியாக மனப்பாடம் செய்வதைவிட இணைகளாகப் பழகுவது நல்லது. 'க்லை' சமமாக ஒலித்தால் தூரம், இறக்கத்தில் ஒலித்தால் பக்கம். வழி கேட்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. 'மை' இறக்கத்தில் மறுப்பு, வினைக்கு முன் வரும். பேச்சில் உச்சத்தில் ஒலிக்கும் 'மை' கேள்வி, கடைசியில் வரும். 'ப்ஹெத் மை?' காரமா? 'மை ப்ஹெத்', காரமில்லை. பதிலுக்கு வினையையே திருப்பிச் சொன்னால் போதும்: 'பை மை?' 'பை.' போறியா, போறேன் என்பதுபோலத்தான். சந்தேகத்தோடு பேசும்போது கடைசி அசையைத் தூக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், சொல்லே மாறிவிடும்.

மரியாதைக்கு வாக்கியத்தின் இறுதியில் ஆண்கள் 'க்ஹ்ரப்' (பேச்சில் 'க்ஹப்'), பெண்கள் 'க்ஹா' சேர்ப்பார்கள். பெண்களுக்கு ஒரு நுணுக்கம்: செய்தி சொல்லும்போது இறக்கம், கேள்வியில் உச்சம். கேட்பவரின் பால் இதில் கணக்கில்லை, பேசுபவரின் பால்தான். கடைக்காரரைக் கூப்பிட 'ப்ஹீ' (அண்ணா, அக்கா இரண்டுக்கும்), இளையவரானால் 'நோங்'. 'கருணா' (தயவுசெய்து) என்ற சொல் அறிவிப்புப் பலகைக்குரியது. கடையில் 'க்ஹோ' (குடுங்க) போதும்.

'க்ஹோ நாம் ஸோங் க்ஹுவத் க்ஹ்ரப்.' தண்ணி ரெண்டு பாட்டில் குடுங்க. பொருள், எண், அளவுச்சொல் என்ற வரிசை நம் கடைப் பேச்சிலும் உள்ளதே. தட்டுக்கு 'ஜான்', கண்ணாடித் தம்ளருக்கு 'கேவ்', ஆட்களுக்கு 'க்ஹொன்'. எண்ணோடு அளவுச்சொல் இல்லையென்றால் வாக்கியம் நொண்டும்.

சைவர்கள் கவனிக்க: 'நுவ' என்றால் அகராதியில் இறைச்சி, கடையிலோ மாட்டிறைச்சி. 'மை கின் நுவ' (நுவ சாப்பிட மாட்டேன்) என்றால் பன்றிக்கறி வந்து சேரலாம். 'கின் ஜே' என்று சொல்லுங்கள். முட்டை, மீன் சாறு எதுவும் வராது. பூண்டு, வெங்காயமும் வராது. மஞ்சள் கொடியில் சிவப்பாக 'ஜே' எழுதிய கடைகளில் இதுதான் கிடைக்கும். மற்ற கடைகளில் 'மை ஸை நாம் ப்லா' (மீன் சாறு வேண்டாம்) என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காய்கறிப் பொரியலிலும் அதை ஊற்றுவார்கள்.

தமிழில் எழுதிப் படிப்பது முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும். பிறகு அவர்களுடைய எழுத்துக்கு மாறுங்கள். மெய்யெழுத்துகள் 44, அவற்றில் 2 வழக்கொழிந்தவை. பல்லவ எழுத்திலிருந்து கெமர் வழியாக வந்த எழுத்து அது. ஒற்றைக்கொம்புபோல எழுத்துக்கு முன்னால் நிற்கும் குறிகள் நமக்குப் புதிதாக இருக்காது. சொல்லின் தொனியும் எழுத்திலேயே அடங்கியிருக்கும். அரட்டையில் 555 என்று வந்தால் குழம்ப வேண்டாம்: 5-க்கு 'ஹா', ஆக அது சிரிப்பு.