இயற்கை நடுவே ஒரு பௌத்தத் தியான வனம்: முதன்முறை அமைப்பவர்களுக்கு

தியான வனம் என்றதும் பலருக்கு மண்டபமும் பெரிய புத்தர் சிலையும்தான் நினைவுக்கு வருகின்றன. பணமும் அதிலேயே கரைந்துவிடும். ஆனால் தியானம் செய்ய உட்காருவதற்குப் புத்தர் திரும்பத் திரும்பச் சொன்ன இடங்கள் மூன்றுதான்: காடு, மரத்தடி, ஆளில்லாத குடில். அந்த வரிசையிலேயே நாமும் போகலாம். இருக்கும் மரங்களையும் அமைதியையும் காப்பாற்றுவது முதல் வேலை. கட்டடம் அப்புறம்தான்.

1. இடம் பார்ப்பது

நல்ல உறைவிடத்துக்கு ஐந்து குணங்களை, புத்தரின் பேச்சுகளைத் தொகுத்த அங்குத்தர நிகாயம் என்ற நூல் சொல்கிறது. ஊருக்கு ரொம்பத் தூரமும் இல்லாமல், ரொம்பப் பக்கமும் இல்லாமல், போய்வர வழியோடு இருக்க வேண்டும். பகலில் கூட்டமும் இரவில் சத்தமும் இருக்கக் கூடாது. ஈ, கொசு, காற்று, வெயில், ஊர்வன ஆகியவற்றின் தொல்லை குறைவாக இருக்க வேண்டும். உடை, உணவு, படுக்கை, மருந்து ஆகியவை சிரமமில்லாமல் கிடைக்க வேண்டும். சந்தேகம் கேட்க, கற்றறிந்த மூத்த பிக்குகள் (பௌத்தத் துறவிகள்) இருக்க வேண்டும். நிலம் வாங்குவதற்கும் குத்தகைக்கு எடுப்பதற்கும் இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

பகலில் ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். விடியலில், உச்சி வெயிலில், இரவில், நல்ல மழையில் என நான்கு நேரத்திலும் போய் அரை மணி நேரம் பேசாமல் உட்காருங்கள். பகலில் காதில் விழாத பம்பு செட்டும் நெடுஞ்சாலை இரைச்சலும் இரவில் தெளிவாகக் கேட்கும். மழையில் போனால் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

2. முதலில் நடைபாதை

கட்டடம் எதுவும் இல்லாவிட்டாலும், நடைத் தியானத்துக்கு ஒரு பாதை போட்டுவிட்டால் அன்றே அந்த இடம் பயன்படத் தொடங்கும். நடைத் தியானத்தால் ஐந்து பலன்கள் என்று புத்தர் சொல்கிறார்: வழிப்பயணத்தைத் தாங்கும் உடல், முயற்சிக்கு வலு, நோய்க்குறைவு, நல்ல செரிமானம், நெடுநேரம் நிலைக்கும் மன ஒருமை.

20 முதல் 30 அடி எடுத்து வைக்கும் நீளம், அதாவது 10 முதல் 15 மீட்டர் வரை போதும். அகலம் ஒரு மீட்டர். மேடுபள்ளமான கெட்டித் தரை, நடுவில் மரம், மேலே மூடிய புதர், மிகக் குறுகல், மிக அகலம் ஆகிய ஐந்தையும் நடைபாதையின் குற்றங்களாகப் பழைய பாலி உரை பட்டியலிடுகிறது. குறுகினால் கால் இடறும், அகன்றால் மனம் அலையும்.

செய்யும் விதம்: இரண்டு முனையிலும் முளை அடித்துக் கயிறு கட்டுங்கள். பெரிய வேர் குறுக்கே வந்தால் வெட்டாமல் பாதையை நகர்த்துங்கள். கல்லைப் பொறுக்கி, மண்ணைச் சமன் செய்து, நடுப்பகுதி இரண்டு விரல் உயரமாக இருக்கும்படி திமிசுக் கட்டையால் இறுக்குங்கள். மழைநீர் இரு பக்கமும் வழிந்துவிடும். திரும்பும் இடம் தெரிய முனைக்கு ஒரு தட்டைக் கல் வையுங்கள். சிமென்ட் வேண்டாம், வெறுங்காலுக்கு மண்தான் சுகம். தினமும் காலையில் நடுவிலிருந்து ஓரமாகப் பெருக்குங்கள். சருகு போனால் எறும்பும் நத்தையும் கண்ணில் படும், மிதிக்காமல் நடக்கலாம். பெருக்குவதும் பயிற்சியின் ஒரு பகுதி என்றே வன மடங்களில் கருதுகிறார்கள்.

3. உட்காரும் இடம்

நிழலுள்ள மரத்தடியைத் தேர்ந்து, மேலே பட்ட கிளை இருக்கிறதா என்று முதலில் அண்ணாந்து பாருங்கள். அரையடி உயரத்தில் ஒரு மேடையும் கொசுவலை கட்ட ஒரு கொக்கியும் இருந்தால் போதும். சிலை வைப்பதானால் சிறியதாக, உட்காருபவரின் தலைக்கு மேல் உயரத்தில் வையுங்கள். அரசமரம் நட ஆசை எல்லோருக்கும் இருக்கும். நடுங்கள், ஆனால் சுவர், கிணறு, குழாய் எல்லாவற்றையும் விட்டு நன்றாகத் தள்ளி நடுங்கள். அதன் வேர் சுவரைப் பிளந்துவிடும்.

4. குடில்

கொடையாளர் இல்லாமல் ஒரு பிக்கு தனக்கென்று கட்டும் குடிலுக்கு வினயம் (துறவிகளுக்கான ஒழுக்க விதித் தொகுப்பு) வைத்த எல்லை 12 சாண் நீளம், 7 சாண் அகலம். இது புத்தரின் சாண் கணக்கு. ஏறக்குறைய 3 மீட்டருக்கு 1.75 மீட்டர் என்று இன்று கணக்கிடுவது உண்டு. உயிர்களின் புற்றோ வளையோ உள்ள இடத்தில் கட்டக் கூடாது, குடிலைச் சுற்றிவரத் திறந்தவெளி விட வேண்டும் என்பதும் அதே விதி. இல்லறத்தாருக்கு இந்த விதி கட்டாயம் இல்லை. ஆனாலும் ஓர் ஆளுக்கு ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு திண்ணை என்பதற்கு மேல் வேண்டாம் என்பதே என் கருத்து. பிக்குகள் தங்க வருவதானால் குழி தோண்டுவதையும் செடி வெட்டுவதையும் நீங்களே முன்கூட்டி முடித்துவிடுங்கள். அவை அவர்களுக்குத் தடை.

5. தண்ணீர், கழிப்பறை, வெளிச்சம்

கழிப்பறைக் குழி கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி, சரிவில் கிணற்றுக்குக் கீழே இருக்கட்டும். வழிகளில் முழங்கால் உயரத்தில் மங்கலான, தரை பார்த்த விளக்கு போதும்.

6. நாள் ஒழுங்கு

தங்குபவர்கள் எட்டு சீலங்களை, அதாவது எட்டு ஒழுக்க விதிகளை, ஏற்பது வழக்கம். நண்பகலுக்குப் பின் உணவில்லை என்பது அதில் ஒன்று. மருந்து சாப்பிடுபவர்களுக்கு இதில் விலக்கு கொடுங்கள். 45 நிமிடம் அமர்வு, 45 நிமிடம் நடை என மாற்றி மாற்றி வைத்து, நேரம் சொல்ல ஒரு வெண்கல மணி தொங்கவிடுங்கள். பேசாமை கடைப்பிடிக்கும் இடத்தில்கூட, உடம்பு முடியாதவர் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பதை வந்த அன்றே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். முதலுதவிப் பெட்டி, பக்கத்து மருத்துவமனைக்கு வழி, இரவிலும் கிளம்பத் தயாராக ஒரு வண்டி ஆகியவை இல்லாமல் யாரையும் தங்க வைக்க வேண்டாம்.

முதலில் ஒருவர் அல்லது இருவரை ஒரே ஒரு இரவு தங்கச் சொல்லுங்கள். கிளம்பும்போது அவர்களிடம் எங்கே சத்தம் கேட்டது, எங்கே கால் இடறியது, இருட்டில் எங்கே பயம் வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அவற்றைச் சரிசெய்த பிறகு அடுத்தவர்களை அழையுங்கள்.