பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கை: பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து பதிவு எண் வரை

மாநில நர்சிங் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் ஒருவர் பதிவு பெற்ற நர்ஸ். தமிழ்நாட்டில் அந்தப் பதிவேட்டை வைத்திருப்பது தமிழ்நாடு செவிலியர்கள் மற்றும் தாதியர்கள் குழுமம். 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த அமைப்பு அது. அங்கே பதிவானவர்தான் பெயருக்குப் பின்னால் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்), ஆர்.எம். (பதிவு பெற்ற தாதி) என்று போட்டுக்கொள்ள முடியும். அதனால் கட்டணம் எவ்வளவு, ஹாஸ்டல் எப்படி என்றெல்லாம் விசாரிப்பதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: இந்தக் கல்லூரியில் இந்தப் படிப்பை முடித்தால் கவுன்சிலில் பதிவு கிடைக்குமா?

அந்தப் பதிவைத் தரும் படிப்புகள் இரண்டுதான். ஒன்று நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங். மற்றொன்று மூன்று வருட ஜி.என்.எம். (ஜெனரல் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி) டிப்ளமோ. இரண்டு வருட ஏ.என்.எம். (துணை நர்ஸ்-தாதி) படிப்பு முடித்தவர்களுக்கும் பதிவு உண்டு. ஆனால் அது தனி வகை, ஸ்டாஃப் நர்ஸ் பணிக்கு உதவாது. ‘நர்சிங் அசிஸ்டன்ட்’, ‘ஹெல்த் அசிஸ்டன்ட்’, ‘பேஷண்ட் கேர்’ என்ற பெயர்களில் டிரஸ்டுகளும் தனியார் மையங்களும் ஓராண்டு, ஆறு மாதம் என்று நடத்தும் படிப்புகளுக்குக் கவுன்சிலில் நர்ஸ் பதிவு கிடையாது. ஊசி போடவும் டிரஸ்ஸிங் செய்யவும் கற்றுக்கொடுப்பார்கள். சான்றிதழில் தங்க முத்திரையும் இருக்கும். அதை நம்பி வருடத்தையும் பணத்தையும் இழக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில் விவரம் சொல்ல ஆள் இல்லாதவர்கள். அஞ்சல் வழியில் அடிப்படை பி.எஸ்சி. நர்சிங் படிக்கவும் வழி இல்லை.

பி.எஸ்சி.யா, ஜி.என்.எம்.மா என்று குழப்பம் வந்தால், இடம் கிடைக்கும்போது பி.எஸ்சி.யை எடுங்கள். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வை பி.எஸ்சி. முடித்துப் பதிவு பெற்றவர் நேரடியாக எழுதலாம். ஜி.என்.எம். முடித்தவர் ஐம்பது படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் காட்ட வேண்டும். இடம் கிடைக்காமல் ஜி.என்.எம். சேர்ந்தாலும் வாசல் அடைபடாது. பிறகு இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துக்கொள்ளலாம்.

யார் சேரலாம்

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது தாவரவியல், விலங்கியல்), ஆங்கிலம் படித்துத் தேறியிருக்க வேண்டும். பொதுவாக 45 சதவீதமும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40 சதவீதமும் குறைந்தபட்ச மதிப்பெண். சேரும் வருடம் டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். உயிரியல் இல்லாத கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், காமர்ஸ் குரூப் மாணவர்களுக்கு பி.எஸ்சி. நர்சிங் கிடையாது. ஆகவே இந்தப் படிப்பு வேண்டுமென்றால் முடிவு பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும்போதே ஆக வேண்டும். ஜி.என்.எம்.முக்கான அகில இந்திய விதி இவ்வளவு கறாரானது அல்ல: அறிவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை, மற்றபடி ஆங்கிலத்தோடு 40 சதவீதம் போதும்.

தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் தரவரிசையைத் தீர்மானிக்கிறது. ஜிப்மரிலும் ராணுவ நர்சிங் கல்லூரிகளிலும் சேர நீட் மதிப்பெண் வேண்டும். ராணுவக் கல்லூரிகள் பெண்களை மட்டுமே எடுக்கின்றன; திருமணமாகாதவராகவோ, விவாகரத்துப் பெற்றவராகவோ, சட்டப்படி பிரிந்தவராகவோ, குழந்தை இல்லாத கைம்பெண்ணாகவோ இருக்க வேண்டும். எய்ம்ஸ் தனி நுழைவுத் தேர்வு வைக்கிறது. வேலூர் சி.எம்.சி. 1946லேயே நர்சிங் பட்டப்படிப்பைத் தொடங்கிய இடம். அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இவற்றின் கடைசித் தேதிகள் பல நேரம் பொதுத்தேர்வு முடிவுக்கு முன்பே வந்துவிடும் என்பதால் ஜனவரியிலிருந்தே அவரவர் இணையதளத்தைப் பார்த்துவாருங்கள்.

சான்றிதழ்கள்: மே மாதத்துக்குத் தள்ளாதீர்கள்

இடம் கைநழுவிப் போவதற்கு மதிப்பெண்ணைவிடத் தாள்களே காரணமாகிவிடுவது உண்டு. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் எல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று படிப்படியாகப் போய்த்தான் வரும். தேர்வு முடிவு வந்த வாரத்தில் ஊரே அங்கே நிற்கும். பிப்ரவரியில் விண்ணப்பித்தால் நிம்மதி.

கட்டணச் சலுகைக்கான முதல் பட்டதாரி சான்றிதழில் ஒரு நுணுக்கம் உண்டு. தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. அக்காவோ அண்ணனோ இதே சலுகையில் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தால் உங்களுக்குக் கிடைக்காது. சி.பி.எஸ்.இ. உள்ளிட்ட பிற வாரியங்களில் படித்தவர்கள் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இருப்பிடச் சான்றிதழும் சேர்த்துத் தேவைப்படும்.

பெயரையும் இனிஷியலையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அப்பா பெயர் செல்வம் என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘செ. கவிதா’, சாதிச் சான்றிதழில் ‘எஸ். கவிதா’, ஆதாரில் ‘கவிதா செல்வம்’ என்று மூன்று விதமாக இருக்கும். உள்ளூரில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விடலாம். நான்கு வருடம் கழித்து கவுன்சில் பதிவும், பிறகு வளைகுடா நாடுகளுக்குப் போகும்போது டேட்டாஃப்ளோ சரிபார்ப்பும் வரும். கல்லூரி, பல்கலைக்கழகம், கவுன்சில் மூன்றையும் நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கும்போது பெயர் பொருந்தாவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றவற்றை இப்போதே அதற்கேற்பத் திருத்திவிடுங்கள்.

விண்ணப்பமும் கலந்தாய்வும்

அரசு ஒதுக்கீட்டுக்கான சேர்க்கையை நடத்துவது சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக்குழு. பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., பிசியோதெரபி போன்ற மருத்துவம் சார்ந்த பட்டப்படிப்புகளுக்கு ஒரே இணையவழி விண்ணப்பம். அரசுக் கல்லூரி இடங்களோடு, தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களும் இதில்தான் நிரப்பப்படும். இடங்கள் 69 சதவீத இடஒதுக்கீட்டின்படி பிரியும்: பொது 31, பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1.

விண்ணப்பத்தில் பிரவுசிங் சென்டர்காரரின் செல்பேசி எண்ணைக் கொடுக்கவே கூடாது. ஓ.டி.பி.யும் ஒதுக்கீட்டுச் செய்தியும் அந்த எண்ணுக்குத்தான் வரும். வீட்டில் எப்போதும் இயங்கும் ஒரு எண்ணைக் கொடுத்து, சேர்க்கை முடியும்வரை அதற்கு ரீசார்ஜ் தவறாமல் பாருங்கள்.

கலந்தாய்வில் கல்லூரிகளின் விருப்பப் பட்டியல் போடுவதில்தான் நல்ல ரேங்க் வைத்திருப்பவர்களும் கோட்டை விடுகிறார்கள். கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதல் விருப்பத்தில் உங்கள் ரேங்குக்கும் பிரிவுக்கும் இடம் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். இல்லாவிட்டால் அடுத்ததற்கு நகரும். எட்டாத கல்லூரியை மேலே போடுவதால் கீழே உள்ளதை இழக்க மாட்டீர்கள். ‘இதுதான் நமக்குக் கிடைக்கும்’ என்று பயந்து சாதாரணக் கல்லூரியை முதலில் போட்டால், மதுரையோ சேலமோ கிடைக்கக்கூடிய ரேங்க் இருந்தும் அது உங்களைத் தேடி வராது. ஐந்தாறு அரசுக் கல்லூரிகளோடு பட்டியலை முடிப்பதும் தவறு. போகத் தயாராக இருக்கும் எல்லாக் கல்லூரிகளையும் உண்மையான விருப்ப வரிசையில் போடுங்கள், போக மனமில்லாததைச் சேர்க்காதீர்கள். பட்டியலை இறுதியாகப் பூட்டுவதற்கு (லாக் செய்வதற்கு) முன் ஒரு தாளில் அச்செடுத்து வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் திரையில் சரிபார்க்கட்டும். ஒதுக்கீட்டு ஆணையில் குறித்த தேதிக்குள் கல்லூரியில் சேராவிட்டால் இடம் போய்விடும்.

கல்லூரியை நேரில் பாருங்கள்

தனியார் கல்லூரியானால் பட்டியலில் போடுவதற்கு முன் ஒருமுறை போய்வாருங்கள். கட்டடத்தையும் ஏ.சி. ஆய்வகத்தையும் காட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது சொந்த மருத்துவமனை எங்கே, அதில் எத்தனை படுக்கை என்று. ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள், பத்து மாணவர்களுக்கு ஒரு ஆசிரியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வைத்திருக்கும் அளவு. காலை பத்து மணிக்கு வார்டுப் பக்கம் நடந்து பாருங்கள். படுக்கைகளில் மெத்தை உறை மடிப்புக் கலையாமல், டிரிப் ஸ்டாண்டுகள் மூலையில் அடுக்கிக் கிடந்தால் அங்கே கற்றுக்கொள்ள நோயாளி இல்லை என்று பொருள். இறுதியாண்டு மாணவியிடம் “பிரசவ வார்டில் இதுவரை எத்தனை பிரசவம் நீங்களே பார்த்தீங்க?” என்று கேளுங்கள். தயங்காமல் எண்ணிக்கை சொன்னால் நம்பலாம்.

கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். டியூஷன் தவிர சீருடை, தேர்வு, பயிற்சிக்குப் போகும் பேருந்து, மெஸ் எல்லாம் நான்கு வருடத்துக்கும் சேர்த்து எவ்வளவு என்று தெரிய வேண்டும். அசல் சான்றிதழ்களைப் படிப்பு முடியும்வரை கல்லூரியிலேயே வைக்கச் சொன்னாலோ, முடித்ததும் தங்கள் மருத்துவமனையில் வேலை செய்ய பாண்டு எழுதச் சொன்னாலோ கையெழுத்துப் போடாதீர்கள். ஏஜென்ட் மூலம் பெங்களூருக்கோ ஆந்திராவுக்கோ போகிறவர்கள், அந்தக் கல்லூரி அந்த மாநில கவுன்சிலின் பட்டியலிலும் இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலிலும் அந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று தாங்களே பார்க்க வேண்டும். ஏஜென்ட் அனுப்பும் வாட்ஸ்அப் படத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு.

சேர்வதற்கு முன்

பாடமும் தேர்வும் முழுக்க ஆங்கிலத்தில். முதல் செமஸ்டரிலேயே உடற்கூறியல், உடலியங்கியல், நர்சிங் அடிப்படைகள் வந்துவிடும். தேர்ச்சிக்கு 50 சதவீதம், வருகைக்கு 80 சதவீதம். பட்டம் வாங்குமுன் வார்டுப் பயிற்சி நேரம் நூறு சதவீதம் முடிந்திருக்க வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பை எடுத்து, மனித உடல் பாடங்களைத் தமிழ்ப் புத்தகத்தோடு பக்கத்தில் வைத்து ஒருமுறை படித்தால் முதல் மாதத் திணறல் பாதியாகக் குறையும்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டதற்கான பதிவு கையில் இல்லாவிட்டால் விடுமுறையிலேயே தொடங்குங்கள். முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. வார்டில் பயன்படுத்திய ஊசி கையில் குத்திவிடுவது முதலாண்டிலேயே நடக்கக்கூடியது. அதற்கு முன் இரண்டு ஊசியாவது போட்டு, தேதிகள் குறித்த அட்டையை மற்றச் சான்றிதழ்களோடு சேர்த்து வையுங்கள்.