அம்பாசிடர் இன்ஜின்ல ஆயில் எந்த வழியா ஓடுது, பிரஷர் குறைஞ்சா எங்க பாக்கணும்

சேலத்துல இருந்து தொப்பூர் ஏத்தம் ஏறி தருமபுரி பக்கம் வந்து ஐடில்ல நின்னா பழைய 1489 சிசி பெட்ரோல் அம்பாசிடர்ல டேஷ்போர்டுல ஆயில் லைட் (பிரஷர் குறைஞ்சா எரியுறது) லேசா மினுக்கும், உடனே பம்ப் போச்சுன்னு மாத்திடாதீங்க. பம்ப் ஆயிலைத் தள்ளும், அவ்வளவுதான், அந்த ஆயில் பேரிங் சந்துல சிக்கி மெல்ல போகணும், அப்பதான் பிரஷர் நிக்கும்.

வழி இதுதான்: சம்ப்ல (இன்ஜின் அடியில ஆயில் நிக்குற தொட்டி) இருந்து ஸ்ட்ரெய்னர்ங்கிற சல்லடை வழியா பம்ப் இழுக்குது, அந்த பம்பை ஓட்டுறது வால்வுகளை இயக்குற கேம் ஷாஃப்ட். அங்கிருந்து ஃபில்டர், அப்புறம் பிளாக்குக்குள்ள நீளமா போற கேலரிங்கிற ஆயில் பாதை. கேலரில இருந்து கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்குற 3 மெயின் பேரிங்குக்கும், கிராங்க்ல போட்ட ஓட்டை வழியா பிக் எண்டுக்கும் (கனெக்டிங் ராட் கிராங்க்ல மாட்டுற பேரிங்), இன்னொரு பக்கம் கேம் பேரிங்குக்கும் போயி, கடைசியா ஹெட்டுக்கு ஏறி ராக்கர் ஷாஃப்ட் (வால்வை அமுக்குற ராக்கர்களைத் தாங்குற தண்டு). ராக்கர்ல வழிஞ்சது புஷ்ராட் (ராக்கரைத் தள்ளுற கம்பி) ஓட்டை வழியா அதோட அடியில இருக்குற டேப்பெட்டை நனைச்சுக்கிட்டே சம்ப்புக்கு இறங்கிடும். மாந்தோப்பு சொட்டுநீர் பைப் மாதிரி, முன்னாடி எங்கயாவது கிழிஞ்சா கடைசி மரத்துக்கு தண்ணி வராது, இங்க பேரிங் தேஞ்சா ராக்கர் காயும்.

அதனால ஹெட்டு மேல இருக்குற டேப்பெட் கவரைக் கழட்டி ஐடில்ல பாருங்க, ஒவ்வொரு ராக்கர் ஓரத்துலயும் ஆயில் கசிஞ்சு பளபளன்னு வரணும். ஒரு ராக்கர் மட்டும் காஞ்சிருந்தா ஷாஃப்ட் ஓட்டை அடைச்சிருக்கும், எல்லாமே காஞ்சிருந்தா கீழ இருந்து ஆயில் மேல வரலன்னு அர்த்தம்.

அடுத்து ஆயில் அளவு பாக்குற டிப் ஸ்டிக்கை உருவி லெவல் பாத்துட்டு மோந்தும் பாருங்க, இது நிறைய பேர் செய்றதில்ல. பெட்ரோல் வாடை வந்தா பெட்ரோல் பம்புக்குள்ள இருக்குற டயஃபிரம்ங்கிற சவ்வு கிழிஞ்சிருக்கலாம், பெட்ரோல் கலந்து ஆயில் தண்ணியா ஆகிடும், சூட்டுல பிரஷர் நிக்காது. நம்ம ஊரு வெயிலுக்கு 20டபிள்யூ-50 கெட்டி ஆயில்தான் சரி, மெல்லிசா ஊத்தாதீங்க. லைட்டை மட்டும் நம்பாம மெக்கானிக்கல் கேஜ் ஒண்ணு மாட்டிப் பாத்துடுங்க, லைட்டை எரிய வைக்கிற சுவிட்ச்சே பழுதா இருக்கலாம்.

கேஜும் குறைவாவே காட்டினா பிளாக் பக்கவாட்டுல டோம் நட்டுக்குள்ள (தலை மூடுன நட்டு) இருக்குற ரிலீஃப் வால்வைப் பாருங்க. பிரஷர் கூடினா அதிகப்படி ஆயிலை சம்ப்புக்கே திருப்பி விடுறது அதோட வேலை, அடியில ஒரு துணுக்கு குப்பை சிக்குனாலும் மூடாது, பிரஷர் அங்கயே போயிடும். இன்ஜின் ஆறினதும் ஸ்பிரிங்கையும் வால்வையும் எடுத்து மண்ணெண்ணெய்ல கழுவிப் போடுங்க. அதுக்கும் சரியாகலன்னாதான் சம்ப்பை இறக்கி ஸ்ட்ரெய்னர், பேரிங் எல்லாம் பாக்கணும்.

வேலை முடிஞ்சதும் நேரா ஸ்டார்ட் பண்ணாதீங்க, முதல்ல ஆயில் எல்லா இடத்துக்கும் ஏறணும், 4 பிளக்கையும் கழட்டிட்டு காயில் வயரையும் எடுத்துட்டு, லைட் அணையுற வரைக்கும் விட்டு விட்டு செல்ஃப் அடிங்க, அப்புறம் பிளக் மாட்டலாம்.